பூமியதிர்ச்சியும் நாட்குறிப்பாரும்

உரும்பிராய்ச் செம்மண்ணில் வாழும் நமக்குக் கடல் சற்றுத் தொலைவே. ஆயினும் கரையோரம் நலிந்தால் அந்நலிவு நம் அடுக்களையிலும் தெரியும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் சுமாத்திராவுக்கு அப்பால் நிகழ்ந்த பூமியதிர்ச்சி எழுப்பிய ஆழிப்பேரலை, ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தின் பின்னரே நம் தீவை அடைந்தது. எச்சரிப்பார் இலர். 30,000 உயிர்களுக்கு மேல் மாண்டன. ஏறக்குறைய 100 கோடி டொலர் பெறுமதியான உடைமைகள் அழிந்தன. வடமராட்சி கிழக்கிற் படகும் வலையும் போயின.

2012 ஏப்ரில் 11ஆம் நாள் அக்கடலில் மீண்டும் பேரதிர்ச்சி. இம்முறை எச்சரிக்கை வந்தது, கரையோர மக்கள் உள்நாடு நோக்கி விரைந்தனர், பேரலையோ வரவில்லை. ‘தொழில் வீணாய்க் கெட்டதே’ எனச் சலிப்பாரும் உண்டு. இழந்தது ஒரு பிற்பகலின் வருவாய். அதனைக் காப்புறுதிக் கட்டணமென்றே நாம் கொள்ளல் வேண்டும்.

ஆனால், பூமி அதிருமுன்னரே அதற்கு நாட்குறிக்கும் வித்தை இன்னும் எவருக்கும் கைவரவில்லை. 1981இல் பெரு நாட்டு லீமா நகருக்கு அமெரிக்க விஞ்ஞானி ஒருவர் நாட்குறித்தார். குறித்த அதிர்ச்சி நிகழவில்லை. எனினும் உல்லாசப் பயணிகள் குறைந்தனர். வீடு வளவுகளின் விலை வீழ்ந்தது.

ஆதலின், நிகழ்ந்த அதிர்ச்சியை அளந்து விடுக்கும் எச்சரிக்கைக்கு உடனே செவிசாய்ப்போம். நாட்குறிப்பார் சொல்லை நம்பி நம் தேட்டத்தை இழவோம்.