டுவிட்டரை விட்டு அகன்றோர்

2022ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஈலோன் மஸ்க் ஏறத்தாழ 4,400 கோடி டொலருக்கு டுவிட்டரை வாங்கினார். விதியனைத்தும் ஒருவர் கைக்குப் போயினவே என்று வருந்திய பல இலட்சம் பேர் மஸ்டடோனை நாடினர். ஜேர்மனியில் ஓய்கன் ரொச்கோ என்னும் இளைஞர் 2016இல் தொடக்கிய அமைப்பு அது. ஒரே மாளிகையன்று; வெவ்வேறு கணினிகளில் அமைந்த சிறு இல்லங்கள் கூடிய ஊர் எனலாம். ஒவ்வோர் இல்லத்துக்கும் தனி விதி, தனிப் பொறுப்பாளர். எனினும் ஓரில்லத்தார் மற்றோரில்லத்தாருடன் உரையாடலாம். பொறுப்பாளரின் போக்குப் பிடிக்கவில்லையா? வேறில்லம் புகலாம், நம்மைப் பின்தொடர்வோரையும் உடன் அழைத்துச் செல்லலாம். முன்னர் எழுதியவை மட்டும் பழைய வீட்டிலேயே தங்கிவிடும். இது சிறு குறையன்று. பல இல்லங்களை நடத்துவோர் ஊதியமின்றி உழைக்கும் தனியாட்கள்; செலவுக்கு நன்கொடையே துணை. அவர் களைத்து, முன்னறிவித்தலின்றிக் கதவடைத்தால், எழுத்தும் தோழரும் ஒருசேரக் கைநழுவுவர்.