1804 என்று சொல்லும் டாலர்

1804 எனப் பொறித்த அமெரிக்க வெள்ளி டாலர்களில் இன்று அறியப்பட்டவை மிகச் சிலவே. அவற்றில் ஒன்றுகூட 1804இல் அடிக்கப்பட்டதல்ல. ஃபிலடெல்ஃபியா நாணயச்சாலையின் பதிவேட்டில் அந்த ஆண்டுக்கு 19,570 டாலர் கணக்கு இருக்கிறதே என்று கேட்கலாம். கணக்கு சரிதான். ஆனால் எஃகு அச்சுகள் தேய்ந்து ஓயும்வரை பழையவற்றையே பயன்படுத்துவது அக்கால வழக்கம். அந்தக் காசுகள் 1803 போன்ற முந்தைய ஆண்டுகளைத் தாங்கியே வெளியே போயின. மொத்தமும் கப்பலோடு கடலில் மூழ்கிவிட்டதாகப் பின்னாளில் ஒரு கதை கட்டினார்கள். கதைக்குத் தேவையே இல்லை. காசின் விளிம்பே உண்மையைச் சொல்லிவிடுகிறது. அவற்றில் எட்டின் ஓரத்தில் பொறித்த எழுத்துகள் நசுங்கியிருக்கின்றன. வெள்ளித் தகட்டை மூடிய வளையத்துக்குள் வைத்து அடித்தால்தான் அப்படி நசுங்கும். அந்த முறை ஃபிலடெல்ஃபியாவுக்கு வந்தது 1820களின் பிற்பகுதியில்.

அப்படியானால் யாருக்காக அடித்தார்கள்? 1834இல் மஸ்கட் சுல்தான், சயாம் மன்னர் முதலியோருக்குத் தூதர் எட்மண்ட் ராபர்ட்ஸ் வழியாக அமெரிக்க நாணயத் தொகுப்புகளைப் பரிசளிக்க அரசு முடிவு செய்தது. டாலர் அடிப்பதோ நின்று முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. பதிவேட்டில் கடைசியாக இருந்த ஆண்டைப் பார்த்து அதிகாரிகள் புது அச்சில் 1804 என்று வெட்டினார்கள் என்பதே பொருந்தும் விளக்கம். 1962இல் வெளிச்சத்துக்கு வந்த சயாம் தொகுப்பில் 1834 என்று பொறித்த காசுகளுக்கு நடுவில்தான் இந்த டாலர் இருந்தது.

இதைப் போலி என்று ஒதுக்குவோர் உண்டு. எனக்கு அது ஏற்கத்தக்கதாகத் தெரியவில்லை. அரசு கேட்டது, அரசின் நாணயச்சாலை அடித்துக் கொடுத்தது. ஆண்டு மட்டும் தவறு. அந்தச் சலுகை இந்த முதல் ரகத்தின் எட்டுக் காசுகளுக்குத்தான். மீதியெல்லாம் 1858 வாக்கிலும் அதற்குப் பிறகும், சேகரிப்பாளரிடம் காசு பார்க்க நாணயச்சாலை ஊழியர்கள் ரகசியமாக அடித்தவை. அவற்றில் ஒன்றை 1857ஆம் ஆண்டின் சுவிட்சர்லாந்து காசொன்றின் மீதே அடித்துவிட்டார்கள். அடியிலிருந்த பழைய உருவின் தடம் இன்னும் தெரிகிறது. ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தக் காசைவிட வெளிப்படையான சாட்சி வேண்டியதில்லை.

சந்தை இந்த வேறுபாட்டை ஓரளவே மதிக்கிறது. மஸ்கட் சுல்தானுக்குப் போனதாகக் கருதப்படும் டாலர் 2021இல் 76.8 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. களவாக அடித்த ரகத்தில் ஒன்றுக்கும் 2009இல் 23 லட்சம் டாலர் கிடைத்தது.