அரிமா சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை

லயன்ஸ் கிளப்புக்குத் தமிழ்நாட்டில் அரிமா சங்கம் என்று பெயர். அரிமா என்றால் சிங்கம். ஓரளவு பெரிய கடைவீதி உள்ள ஊர்களில் பெரும்பாலும் ஓர் அரிமா சங்கம் இருக்கும். பேருந்து நிலையத்துக் குடிநீர்த் தொட்டியிலோ பள்ளிக்கூடச் சுற்றுச்சுவரிலோ அதன் மஞ்சள், நீல வட்டச் சின்னத்தைப் பார்க்கலாம். நகைக்கடை, மருந்துக்கடை, அச்சகம், அரிசி ஆலை நடத்துபவர்கள், வக்கீல், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், எல்.ஐ.சி. முகவர் என்று ஊரில் பத்துப் பேருக்குத் தெரிந்தவர்கள்தான் உறுப்பினர்கள்.

இந்த இயக்கத்தைத் தொடங்கியவரும் ஒரு காப்பீட்டு முகவரே. சிகாகோ நகரில் தொழில் செய்துவந்த மெல்வின் ஜோன்ஸ் அங்கிருந்த வணிகர் வட்டம் ஒன்றில் செயலாளராக இருந்தார். சேர்ந்து மதிய உணவு உண்பது, ஒருவருக்கொருவர் வியாபாரம் பிடித்துக் கொடுப்பது என்ற அளவிலேயே அந்த வட்டம் இயங்கியது. இத்தனை திறமைசாலிகள் கூடும் இடத்தில் ஊருக்காக எதுவும் நடக்கவில்லையே என்ற எண்ணம் அவருக்கு வந்தது. அதே போன்ற வேறு வட்டங்களையும் அழைத்து 1917 ஜூன் 7 அன்று சிகாகோவில் கூட்டம் போட்டார். அக்டோபரில் டல்லாஸ் நகரில் முதல் மாநாடு கூடியது. 1920இல் கனடாவில் ஒரு சங்கம் தோன்றியதும் அமைப்பு பன்னாட்டு அமைப்பாகிவிட்டது. இந்தியாவுக்கு 1956இல் பம்பாய் வழியாக வந்தது. இன்று உலகெங்கும் சுமார் 14 லட்சம் உறுப்பினர்கள் இருக்கிறார்கள்.

கண் மருத்துவமும் அரிமா சங்கமும் இணைபிரியாதவை ஆனதற்குக் காரணம் ஒரு பெண்மணி. 1925 ஜூன் 30 அன்று ஒஹாயோ மாநிலத்தின் சீடர் பாயின்ட்டில் நடந்த மாநாட்டில் ஹெலன் கெல்லர் பேசினார். பார்வையும் செவியும் இல்லாத அவர், பார்வையற்றோர் சார்பில் இருளோடு போராட வரும்படி அரிமாக்களைக் கேட்டுக்கொண்டார். மாநாடு அதை ஏற்றது. ஐந்து ஆண்டு கழித்து, இல்லினாய் மாநிலத்துப் பியோரியா நகரில், கறுப்புக் கைத்தடியோடு சாலையைக் கடக்கத் திணறிய பார்வையற்ற ஒருவரை ஓர் அரிமா உறுப்பினர் கவனித்தார். தடிக்கு வெள்ளை அடித்தால் வண்டி ஓட்டுபவர்களுக்குத் தெரியுமே என்று அவருக்குத் தோன்றியது. சங்கம் அதை எடுத்துச் செய்தது. 1930 டிசம்பரில் அந்த நகராட்சி வெள்ளைத் தடிக்காரருக்கு வழிவிடச் சட்டமே போட்டது.

ஒரு புதிய சங்கம் தொடங்கக் குறைந்தது 20 பேர் வேண்டும். தலைமையகம் பட்டயம் வழங்கிய பிறகே அது சங்கமாகும். அப்போது தலைவராக இருப்பவர் கடைசிவரை ‘பட்டயத் தலைவர்’ என்றே குறிப்பிடப்படுவார். விண்ணப்பம் எழுதிப்போட்டு யாரும் உறுப்பினராகிவிட முடியாது. உள்ளே இருப்பவர் ஒருவர் முன்மொழிய வேண்டும், இயக்குநர் குழு ஏற்க வேண்டும். நான்கு முதல் எட்டுச் சங்கங்கள் வரை ஒரு மண்டலம். 35 சங்கங்களும் 1,250 உறுப்பினர்களும் இருந்தால் ஒரு மாவட்டம். இது கலெக்டர் ஆளும் மாவட்டம் அன்று, சங்கங்களின் மாவட்டம். அதன் தலைவருக்கு ‘ஆளுநர்’ என்று பெயர். அவருடைய வருகை சங்கத்துக்குத் திருவிழா மாதிரி. கணக்கும் பதிவேடுகளும் அன்று அவர் முன் வைக்கப்படும்.

சங்க ஆண்டு ஜூலை 1 அன்று பிறந்து ஜூன் 30 அன்று முடியும். தலைவர், துணைத் தலைவர்கள், செயலாளர், பொருளாளர் தவிர வேறு எந்த அமைப்பிலும் காணாத இரண்டு பதவிகள் இங்கே உண்டு. ஒருவர் ‘லயன் டேமர்’. கொடி, மணி, சுத்தியல், பேனர் எல்லாம் அவர் பொறுப்பில் இருக்கும். இன்னொருவர் ‘டெயில் ட்விஸ்டர்’, வாலை முறுக்குபவர். கூட்டத்துக்குப் பிந்தி வந்தவர், சட்டையில் சின்னம் குத்தாதவர், பேசும்போது பக்கத்தில் கிசுகிசுத்தவர் என்று யாரையாவது பிடித்து அபராதம் போடுவது அவர் வேலை. இதற்கும் விதி இருக்கிறது. ஒரே கூட்டத்தில் ஒருவருக்கு இரண்டு தடவைக்கு மேல் அபராதம் கூடாது. வந்திருப்போர் அத்தனை பேரும் ஒருமனதாகச் சொன்னாலொழிய வால்முறுக்குபவருக்கு அபராதம் போட முடியாது. வசூலை அன்றே பொருளாளரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். கடைவீதியில் போட்டியாளர்களாக இருக்கும் இருவர் இங்கே பத்து ரூபாய் அபராதத்துக்குச் சேர்ந்து சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு இருந்தால்தான் மறுநாள் ஒருவரை ஒருவர் போனில் கூப்பிட்டு வேலை சொல்ல முடிகிறது. கட்சி அரசியலும் மதப் பிரிவுச் சண்டையும் விவாதப் பொருளாகக் கூடாது என்பது இயக்கத்தின் நோக்கங்களிலேயே எழுதப்பட்டிருப்பதற்கும் காரணம் இதுதான்.

பணத்தில் ஒரு கண்டிப்பு உண்டு. சங்கம் இரண்டு கணக்குகள் வைத்திருக்க வேண்டும். உறுப்பினர் சந்தா ஒன்றில் சேரும். கூட்டச் செலவு, தலைமையகக் கட்டணம், சாப்பாட்டுச் செலவு எல்லாம் அதிலிருந்துதான். பொதுமக்களிடம் திரட்டிய தொகை மற்றொன்றில் சேரும். அது முழுவதும் பொதுமக்களுக்கே திரும்பிப் போக வேண்டும். நன்கொடை வாங்கி விருந்து வைத்தார்கள் என்ற பேச்சுக்கு இடம் தராத ஏற்பாடு இது. பிழையில்லாமல் இதைக் கடைப்பிடிக்கும் சங்கத்துக்கு ஊரில் ரசீதுப் புத்தகத்தோடு போனால் கதவு திறக்கும். அரிமா இயக்கத்தின் பன்னாட்டு அறக்கட்டளை 1968இல் தொடங்கியது. அதற்கு ஆயிரம் டாலர் கொடுத்தவருக்கு மெல்வின் ஜோன்ஸ் பெயரில் ஒரு தகுதி உண்டு. அழைப்பிதழ்களில் பெயருக்குப் பின்னால் வரும் ‘எம்.ஜே.எஃப்.’ என்ற எழுத்துகளின் பொருள் அதுவே.

ஆனாலும் சங்கத்தின் பெரிய மூலதனம் பணம் அன்று. உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் தம் தொழிலையே கொண்டுவருவதுதான். கண் சிகிச்சை முகாமில் இது கண்கூடாகத் தெரியும்.

கண்புரை முற்றியவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்து விழிலென்ஸ் பொருத்தினால் பார்வை திரும்பிவிடும். ஆனால் மருத்துவமனை நகரத்தில் இருக்கிறது, பார்வை மங்கிய பாட்டி கிராமத்தில் இருக்கிறார். துணைக்கு ஆள் வர வேண்டும், அவருக்கு ஒருநாள் கூலி போகும். வயதானால் கண் மங்கத்தானே செய்யும் என்ற எண்ணம் வேறு. 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி இந்த இடைவெளியைப் புரிந்துகொண்டவர். மருத்துவமனை மருத்துவத்தைப் பார்க்கட்டும், ஆட்களைக் கூட்டி வருவதை ஊர்க்காரர்கள் பார்க்கட்டும் என்ற வேலைப் பிரிவினை அங்கே உருவானது. அரிமா, ரோட்டரி சங்கங்களும் ஊர் இளைஞர் மன்றங்களும் வங்கிகளும் அதில் பங்காளிகள். ஒரு காலத்தில் பள்ளிக்கூட வகுப்பறையிலேயே அறுவை சிகிச்சையும் நடந்தது. தொற்று பயத்தால் அது கைவிடப்பட்டு, நோயாளிகளைப் பேருந்தில் மருத்துவமனைக்கே அழைத்துப்போகும் முறை வந்தது. 1992 முதல் மதுரை ஆரோலேப் நிறுவனம் விழிலென்ஸை உள்ளூரிலேயே குறைந்த விலையில் தயாரித்ததும், ஏழை நோயாளிக்கும் இலவசமாக லென்ஸ் வைப்பது சாத்தியமாயிற்று. மத்திய அரசின் பார்வை இழப்புத் தடுப்புத் திட்டமும் இலவச அறுவை சிகிச்சைக்கு உதவித்தொகை தருகிறது. முகாம் நோட்டீஸ்களின் தலைப்பில் ‘மாவட்டப் பார்வை இழப்புத் தடுப்புச் சங்கம்’ என்று இருப்பது அதனால்தான்.

ஞாயிற்றுக்கிழமை முகாம் என்றால் வேலை பத்து நாளைக்கு முன்பே தொடங்கிவிடும். அச்சகக்காரர் நோட்டீஸ் அடித்துக் கொடுப்பார். சுற்றுவட்டாரச் சந்தைகளிலும் ரேஷன் கடைகளிலும் டீக்கடைகளிலும் அது கைமாறும். சனிக்கிழமை ஆட்டோவில் மைக் கட்டி கிராமம் கிராமமாகப் போவார்கள். தலைமையாசிரியராக இருந்தவர் பள்ளிக்கூடச் சாவிக்குப் பொறுப்பு. காலையில் விருந்தினர் வருமுன்பே பெரியவர்கள் வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிடுவார்கள். முதல் மேசையில் பெயர், வயது, ஊர், ஆதார் நகல். அடுத்து பார்வைச் சோதனை: ஆறு மீட்டர் தள்ளி ஓர் அட்டை, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக அதில் நாலு திசையும் பார்த்து நிற்கும் ‘ஈ’ வடிவங்கள். எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று விரலால் காட்டினால் போதும். பிறகு மருத்துவர், கண் அழுத்தம், கண்ணீர்ப் பை, இரத்த அழுத்தம், சர்க்கரை. கண்ணாடி போதும் என்றால் அங்கேயே அளவெடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

அறுவை சிகிச்சைக்குத் தேர்வானவர்களிடம்தான் பேச்சுத் திறமை வேண்டும். “எம் மவங்கிட்ட கேட்டுட்டு அடுத்த தடவ வரேன் சாமி” என்று எழுந்து போகும் பாட்டி அடுத்த முகாமுக்கு வருவதில்லை. மருந்துக்கடைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, “பயப்படாதீங்க ஆத்தா, போன மாசம் உங்க தெரு பெரியசாமி அண்ணன் போயிட்டு வந்தாரில்ல, அவரையே கேளுங்க” என்பார். மகனுக்கு அங்கிருந்தே போன் போட்டுக் கொடுப்பார். நகரத்திலிருந்து வந்த மருத்துவரால் சொல்ல முடியாத வார்த்தைகள் இவை. மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் பையும் போர்வையுமாக அவர்கள் பேருந்தில் ஏறுவார்கள். ஓரிரு நாளில் கறுப்புக் கண்ணாடியோடு அதே இடத்தில் இறங்குவார்கள். ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனையும் பெரும்பாலும் அங்கேயே நடக்கும். அத்தனை பேரையும் மறுபடி வரவழைக்கும் சங்கத்தையே நல்ல சங்கம் என்று சொல்ல வேண்டும். அறுவை சிகிச்சைக்கு எத்தனை பேர் போனார்கள் என்ற கணக்கைவிட இந்தக் கணக்கு முக்கியமானது.

சங்கத்தின் இன்னொரு கண் பணி கண்தானம். அதில் நேரமே எல்லாம். மரணத்துக்குப் பிறகு ஆறு மணி நேரத்துக்குள் கண்களை எடுத்துவிட வேண்டும். துக்க வீட்டில் யாருக்கும் இது நினைவு வராது. அதனால் செய்தி கிடைத்ததும் உறுப்பினர் ஒருவர் நேரில் போய், ஓரமாக நின்று, வீட்டுப் பெரியவரிடம் மெதுவாகக் கேட்கிறார். இறந்தவர் முன்பே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும் என்பதில்லை. நெருங்கிய உறவினர் சம்மதித்தால் போதும். கண் வங்கிக் குழு வரும்வரை செய்ய வேண்டியதையும் அவரே சொல்வார்: இமைகளை மூடி ஈரப்பஞ்சு வையுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், தலைக்குத் தலையணை வைத்துச் சற்று உயர்த்துங்கள். எடுக்க அரை மணி நேரம்கூட ஆகாது, முகம் மாறாது. கண்ணாடி அணிந்தவர், சர்க்கரை நோயாளி, புரை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் எல்லோரும் கொடுக்கலாம்; எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை வைரஸ், வெறிநாய்க்கடி நோய் போன்றவை இருந்தால் கூடாது. பொருத்தத் தகுந்த நிலையில் இருந்தால் ஒருவரின் இரண்டு கருவிழிகளும் இரண்டு பேருக்குப் பார்வையாகின்றன. ஊரில் முதல் குடும்பம் சம்மதிக்கப் பல ஆண்டுகள் ஆகலாம். அதன்பின், “நம்ம அப்பாவுக்கும் கொடுத்துடலாம்ப்பா” என்று வீட்டுக்காரர்களே போன் செய்யத் தொடங்குகிறார்கள்.

இரத்ததான முகாம், பள்ளிப் பிள்ளைகளுக்குச் சீருடையும் நோட்டும், மழைக்கால நிவாரணம், மரக்கன்று ஆகியவையும் ஆண்டு அறிக்கையில் இருக்கும். நட்ட கன்றுக்குத் தண்ணீர் ஊற்றியது யார் என்பதுதான் அதில் கேட்க வேண்டியது. பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு ‘லியோ’ சங்கம் உண்டு. பெண்கள் உறுப்பினராகலாம் என்று 1987இல்தான் விதி மாறியது. அதற்கு முன்பும் முகாமில் பாட்டிகளைக் கைப்பிடித்து அழைத்துப்போனது பெரும்பாலும் உறுப்பினர்களின் மனைவிமார்தான். இன்று அவர்கள் தலைவர்களாகவும் இருக்கிறார்கள், இன்னும் நிறையப் பேர் வர வேண்டும்.

குறைகளும் உண்டு. தலைவர் பதவி ஓராண்டுக்கே என்பதால் ஒவ்வொருவரும் தம் ஆண்டுக்கென்று புதிதாக ஒன்றைத் தொடங்க விரும்புகிறார். போன ஆண்டுத் திட்டம் அநாதையாகிறது. சில ஊர்களில் பதவியேற்பு விழாவின் சால்வைக்கும் மேடைக்கும் ஆகும் செலவு ஒரு முகாமை நடத்தப் போதுமானது. வயதானவர்கள் மட்டுமே மிஞ்சி, வருகைப் பதிவேடு மெலிந்துபோன சங்கங்களும் இருக்கின்றன. மாதத்தின் குறிப்பிட்ட ஒரு ஞாயிறு என்று முகாமுக்கு நாள் குறித்துவிட்டு, தலைவர் யாராக இருந்தாலும் அதை மாற்றாத சங்கங்கள் நீடிக்கின்றன. அங்கே நோட்டீஸ் போகாவிட்டாலும் மக்கள் வந்துவிடுகிறார்கள்.

அதனால்தான் ஜூன் கடைசியில் நடக்கும் ஒப்படைப்பு முக்கியமாகிறது. மணியும் சுத்தியலும் புதிய தலைவர் கைக்கு மேடையில் போகும். இரண்டு கணக்குப் புத்தகங்கள், கண்தானம் செய்த குடும்பங்களின் பட்டியல், மறுபரிசோதனைக்கு இன்னும் வராதவர்களின் பெயரும் ஊரும் எழுதிய நோட்டு ஆகியவை செயலாளர் வீட்டுத் திண்ணையில் கைமாறும். பழைய செயலாளர் ஒவ்வொரு பெயராக விரல் வைத்து, இவர் வீடு எந்தத் தெரு, யாரிடம் சொன்னால் வருவார் என்று சொல்லிக்கொண்டு போவார், புதியவர் ஓரத்தில் குறித்துக்கொள்வார்.