குழாய் விட்டது நெஞ்செரிச்சலுக்கு. அகப்பட்டது வயிற்றுக் கட்டி!

பயந்து நடுங்கவும் வேண்டாம். மறந்து விடவும் வேண்டாம்

சென்னை:
வண்ணாரப்பேட்டையில் ஒரு மளிகைக் கடைக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது 55. நெஞ்செரிச்சல், புளியேப்பம். டாக்டர் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கிறார். புண் இல்லை. ஆனால் இரைப்பைச் சுவரில் கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு மேடு!

கடைக்காரருக்கு வியர்த்துக் கொட்டுகிறது.

"டாக்டர் சார், இது கேன்சருங்களா? தையிலே பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கேனே!"

சுவருக்குள் ஒளிந்திருக்கும்

இப்படித் தற்செயலாக அகப்படும் மேடுகளில் ஒரு ரகம்தான் "ஜிஸ்ட்" கட்டி. சிலருக்குக் கொழுப்புக் கட்டியாகவோ தசைக் கட்டியாகவோ இருக்கும். ஜிஸ்ட் என்பது மேல்தோலில் முளைப்பதல்ல, சுவருக்குள்ளே உட்கார்ந்திருப்பது. அதனால் சதையைக் கிள்ளிச் சோதித்து "ஒன்றுமில்லை" என்று வந்தாலும் நம்பிவிட முடியாது. பல சமயம் கிள்ளியது மேல்தோலை மட்டும்தான்!

குழாயின் முனையிலேயே ஸ்கேன் வைத்த "எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட்" சோதனைதான் கட்டி எந்த அடுக்கில் இருக்கிறது, எவ்வளவு பெரிது என்று காட்டும். தேவைப்பட்டால் அதன் வழியாகவே ஊசி விட்டுச் சதை எடுப்பார்கள்.

2 செ.மீ. கணக்கு

கட்டி இரைப்பையில் இருந்து, 2 செ.மீ.க்குக் குறைவாக, ஓரம் ஒழுங்காக, புண் இல்லாமல் இருந்தால் டாக்டர்கள் பெரும்பாலும் கத்தியைத் தொடுவதில்லை. 6 மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் மறுபடி பார்ப்பார்கள்.

2006-ம் ஆண்டு ஜப்பானில் ஒரு ஆராய்ச்சி வெளியானது. புற்றுநோய்க்காக அகற்றிய 100 பேரின் இரைப்பைகளைத் துருவினார்கள். 35 பேருக்குப் பொடிப்பொடியாக ஜிஸ்ட் இருந்தது. இத்தனை பேருக்கு இருந்தும், பொடிக் கட்டிகளில் பெரும்பாலானவை ஆளைத் தொந்தரவு செய்வதே இல்லை.

2 செ.மீ.யைத் தாண்டினாலோ, வளர்ந்தாலோ, ரத்தம் கசிந்தாலோ ஆபரேஷன்தான். சிறுகுடல், மலக்குடலில் என்றால் சிறியதையும் எடுக்கச் சொல்வதே வழக்கம். அங்கே அதன் குணம் முரடு! கட்டி உடையாமல் எடுக்க வேண்டும். உடைந்தால் வயிற்றுக்குள் சிதறி மறுபடி முளைக்கும்.

மாத்திரையும் வழக்கும்

2000-ம் ஆண்டு வரை, பரவிவிட்ட ஜிஸ்டுக்குக் கேட்கிற மருந்து இல்லை. அந்த ஆண்டு, ரத்தப் புற்றுநோய்க்காகச் செய்த "இமாட்டினிப்" மாத்திரையைப் பின்லாந்தில் ஒரு பெண்ணுக்குக் கொடுத்தார்கள். கட்டிகள் சுருங்கின! இன்று, மறுபடி வரும் அபாயம் அதிகமுள்ளவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பின் தினம் 400 மி.கி. வீதம் 3 வருடம் தருகிறார்கள். ஜீன் சோதனையில் மருந்து கேட்கும் என்று தெரிய வேண்டும்.

இந்த மாத்திரைக்கு "கிளீவெக்" என்று பெயர் வைத்த நோவார்ட்டிஸ் கம்பெனி, இங்கே காப்புரிமை கேட்டது. 2006-ல் சென்னை காப்புரிமை அலுவலகம் "முடியாது" என்றது. 2013-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டும் கையை விரித்தது. அப்போது கிளீவெக் மாதம் சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய். நம் நாட்டுக் கம்பெனிகளின் மாத்திரை சுமார் 8 ஆயிரம்!

பீரோவில் தூங்கும் ரிப்போர்ட்

சரி, நம் கடைக்காரருக்கு என்ன பதில்? டாக்டர் இப்படிச் சொல்லலாம்:

"ஜிஸ்ட்னாலே சாதுன்னு சத்தியம் பண்ண முடியாது. ஆனா உங்களுது சின்னது. கல்யாணத்தை ஜாம் ஜாம்னு நடத்துங்க. வைகாசி பிறந்ததும் இங்கே வந்துடணும்!"

ஆபத்து அங்கேதான். வைகாசி வரும். வலி இருக்காது. "வலிக்கலையே, எதுக்குச் செலவு?" என்று தோன்றும். ரிப்போர்ட் பீரோவில் தூங்கும். கட்டி வளர்ந்தாலும் வளரும்.

கல்யாணப் பத்திரிகை கொடுக்க வேண்டியவர்கள் பட்டியல் எழுதுகிறீர்கள் அல்லவா? அதே நோட்டில் அந்தத் தேதியையும் எழுதி வையுங்கள்!