பரீட்சை பலவிதம்

பரீட்சை என்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்தில் நம்மவர் வீடுகளில் ஒருவித நிசப்தம் குடிகொண்டுவிடுகிறது. பாட்டுப் பெட்டியின் வாய் அடைபடுகிறது. ஊரிலிருந்து வரவிருக்கும் விருந்தாளிகளுக்கு, "அடுத்த மாதம் வாருங்களேன்" என்று சமாசாரம் போகிறது. பிள்ளையாருக்குச் சிதறு தேங்காய் வரும்படியும் அதிகரிக்கிறது. குழந்தை மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதிவிட்டு வரும் காரியத்துக்கு இவ்வளவு அமர்க்களமா என்று வெளியார் ஒருவர் வியக்கக்கூடும். ஆனால், அந்த மூன்று மணி நேரம் அடுத்த முப்பது வருஷத்தை நிர்ணயித்துவிடும் என்றல்லவா நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம்!

இந்த நம்பிக்கை நம் நாட்டில் மிகப் பழமையானதன்று. பரீட்சை என்னும் சொல்லோ மிகப் பழமையானது. வடமொழியில் 'பரி' என்றால் சுற்றிலும். 'ஈக்ஷ' என்றால் பார்த்தல். ஒரு பொருளை நாற்புறமும் சுற்றிப் பார்ப்பதே பரீட்சை. பரீட்சித்து மகாராஜாவின் பெயருக்குப் பாகவதம் சொல்லும் காரணமும் இதுதான். தாய் வயிற்றிலிருந்தபோது தன்னைக் காத்தருளிய பெருமானைக் கண்ட குழந்தை, பிறந்த பின் எதிர்ப்பட்ட ஒவ்வொருவரையும், "அவர்தானோ இவர்?" என்று உற்று உற்றுப் பார்த்ததாம். தமிழில் நாம் சொல்லும் 'தேர்வு' என்பதும், ஆராய்ந்து தெளிவதையும் தெரிந்தெடுப்பதையும் ஒருங்கே குறிக்கும் சொல்.

இந்தப் பொருளில் பரீட்சைகள் எத்தனை விதம்! தட்டான் பொன்னை உரைகல்லில் உரைத்து மாற்றுப் பார்க்கிறான். ரத்தின வியாபாரி கல்லை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி நீரோட்டம் பார்க்கிறான். சித்த வைத்தியர்களுக்கு எண்வகைத் தேர்வு உண்டு: நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எட்டையும் பார்த்த பிறகே நோய் இன்னதென்று முடிவு கட்ட வேண்டும் என்பது அவர்கள் சாஸ்திரம். நாடியை மட்டும் பிடித்துப் பார்த்துவிட்டு மருந்து கொடுக்கிறவனை அரை வைத்தியன் என்றே சொல்ல வேண்டியிருக்கும்.

ராஜ்ய காரியத்துக்கு ஆள் பொறுக்குவதற்கும் பரீட்சை இருந்தது. அர்த்தசாஸ்திரம் அமைச்சர்களை நான்கு வழிகளில் சோதிக்கச் சொல்கிறது. அறம், பொருள், இன்பம், அச்சம் என்பவை அவை. திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' என்னும் அதிகாரத்தின் தொடக்கமும் இந்த நான்கைப் பற்றியதே. பணத்தைக் கண்டால் இவன் மனம் என்ன செய்யும், உயிருக்கு ஆபத்து வந்தால் என்ன செய்வான் என்பது அந்தப் பரீட்சையின் கேள்வித்தாள். ஒருவனுடைய பெருமைக்கும் சிறுமைக்கும் அவனுடைய செய்கையே உரைகல் என்றும் வள்ளுவர் அங்கே முடிவு கூறியிருக்கிறார்.

புலவர்களுடைய பரீட்சை இன்னும் விநோதமானது. இறையனார் அகப்பொருளுக்குச் சங்கப் புலவர்கள் ஆளுக்கு ஓர் உரை செய்து, எது மெய்யுரை என்று வழக்கிட்டுக்கொண்டார்களாம். அதைத் தீர்க்க உருத்திரசன்மன் என்ற ஐந்து வயது ஊமைக் குழந்தையை நடுவில் உட்கார்த்தினார்கள். மற்ற உரைகளை வாசித்தபோது குழந்தை சும்மா இருந்தது. மருதன் இளநாகனார் உரைக்குச் சில இடங்களில் மெய் சிலிர்த்தது. நக்கீரர் உரைக்கோ பதந்தோறும் கண்ணீர் வார்ந்தது. கதையாகவே இருக்கட்டும், மதிப்பெண் போடத் தெரியாத ஒருவரையே நடுவராக வைத்த அழகைக் கவனிக்க வேண்டும்!

இவற்றிலெல்லாம் ஒரு பொது இயல்பு இருக்கிறது. பரீட்சிப்பவருக்கு உண்மையை அறிய வேண்டும் என்ற தேவை இருந்தது. நோய் இன்னதென்று தெரியாவிட்டால் நோயாளி பிழைக்கமாட்டான். அமைச்சன் இன்னானென்று தெரியாவிட்டால் ராஜ்யம் பிழைக்காது. ஆகையால் சுற்றிலும் பார்த்தார்கள். இன்னொரு ஜாதிப் பரீட்சை உண்டு. அதை வாசற்காப்போன் பரீட்சை என்று சொல்லலாம். உள்ளே இடம் கொஞ்சம். வெளியே கூட்டம் அதிகம். யாரைத் தடுக்கலாம் என்பதே அவனுடைய கவலை. காகிதத்தில் எழுதும் பெரிய பரீட்சைகளில் பல இந்த ஜாதியைச் சேர்ந்தவை. சீன தேசத்தில் உத்தியோகத்துக்காக நடந்த பரீட்சை சுமார் 1,300 வருஷம் கோலோச்சி, 1905-ல் ஒழிக்கப்பட்டது. நமக்கு வாய்த்ததோ ஐ. ஸி. எஸ். பரீட்சை.

1853 வரையில் இந்திய ஸிவில் உத்தியோகங்கள் கம்பெனி டைரக்டர்களின் சிபார்சினால் கிடைத்து வந்தன. அதற்குப் பதிலாகப் போட்டிப் பரீட்சை ஏற்பட்டு, 1855-ல் முதன் முதலாக லண்டனில் நடந்தது. சிபார்சு ஒழிந்து தகுதி வந்தது நல்ல காரியந்தான். ஆனால் தகுதியை எப்படி அளந்தார்கள்? 1854-ல் மெக்காலே கமிட்டி வகுத்த திட்டத்தில் கிரேக்கத்துக்கு 750 மார்க்கு; லத்தீனுக்கு 750; ஸம்ஸ்கிருதத்துக்கும் அரபிக்கும் தலைக்கு 375. தமிழ், தெலுங்கு, வங்காளி முதலிய நாட்டு மொழிகளுக்கு அந்தப் போட்டியில் இடமே கிடையாது. தஞ்சாவூர் ஜில்லாவின் குடியானவனுடைய வழக்கைத் தீர்க்கப் போகிறவனுக்கு ஹோமர் தெரிந்திருக்க வேண்டும். குடியானவன் பேசும் பாஷை தெரிந்திருப்பது தேர்வான பிறகு பார்த்துக்கொள்ள வேண்டிய சங்கதி!

சட்டப்படி கதவு எல்லாருக்கும் திறந்தே இருந்தது. ஆனால் அந்தக் கதவு கடலுக்கு அப்பால் இருந்தது. சத்தியேந்திரநாத் டாகூர் 1863-ல் அதைக் கடந்து சென்ற முதல் இந்தியரானார். 1869-ல் சுரேந்திரநாத் பானர்ஜி தேறியபோது வயதுத் தகராறு கிளம்பியது. நம் நாட்டு வழக்கப்படி நடப்பு வயதைக் கணக்கிட்டதனால் வந்த வினை. அவர் நீதிமன்றம் சென்று தம் இடத்தைப் பெற வேண்டியதாயிற்று. ஆரம்பத்தில் 23 ஆக இருந்த வயது வரம்பு, 1866-ல் 21 ஆகி, 1878-ல் 19 ஆகச் சுருங்கியது. பத்தொன்பது வயதுக்குள் அந்நிய நாட்டில், அந்நிய பாஷையில், அந்நாட்டுப் பிள்ளைகளோடு போட்டியிடக்கூடிய இந்தியப் பிள்ளைகள் எத்தனை பேர்?

ஆகவேதான் 1885-ல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸிலேயே, இங்கிலாந்திலும் இந்தியாவிலும் ஏக காலத்தில் பரீட்சை நடக்கவேண்டும், வயது வரம்பு உயரவேண்டும் என்று கேட்டார்கள். 1893-ல் பிரிட்டிஷ் காமன்ஸ் சபையே ஏககாலப் பரீட்சைக்குச் சாதகமாகத் தீர்மானம் செய்தது. ஆனால் சர்க்கார் அதை நிறைவேற்றவில்லை. 1922-ல்தான் இந்திய மண்ணில் அந்தப் பரீட்சை நடந்தது. கேட்டது கிடைப்பதற்கு 37 வருஷம் ஆயிற்று! இதற்கிடையில், 1920-ல் நான்காவதாகத் தேறிய சுபாஷ் சந்திர போஸ், 1921-ல் அந்த உத்தியோகத்தை ராஜினாமாச் செய்தார். லண்டனில் மார்க்கு வாங்கிய பரீட்சை ஒன்று. அதைத் துறந்தபோது தேறிய பரீட்சை வேறொன்று. வள்ளுவர் சொன்ன உரைகல் இரண்டாவதில்தான் பயன்பட்டது.

வாசற்காப்போன் தவறவிட்ட மாணிக்கங்களும் உண்டு. ஸ்ரீனிவாஸ ராமானுஜன் கும்பகோணம் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தை இழந்தார். பிறகு சென்னையிலும் எப். ஏ. பரீட்சையில் தவறினார். கணிதத்தில் மூழ்கி மற்றப் பாடங்களைக் கவனிக்காதது காரணம். 1913-ல் அவர் எழுதிய கடிதம் கேம்பிரிட்ஜில் ஹார்டியின் கைக்குக் கிடைத்தது. ஹார்டியும் லிட்டில்வுட்டும் அந்தச் சூத்திரங்களை உட்கார்ந்து பரீட்சித்தார்கள். கேம்பிரிட்ஜ் கணிதப் பரீட்சையின் தரவரிசை முறையைக் கண்டித்து வந்தவர் ஹார்டி. அவ்வரிசை 1909-க்குப் பின் எடுபட்டும் போயிற்று. ராமானுஜனுக்கு 1916-ல் ஆராய்ச்சிக்காகப் பி. ஏ. பட்டமும், 1918-ல் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினர் பதவியும் கிடைத்தன. எப். ஏ. தாளில் தெரியாதது, ஒரு கடிதத்தில் தெரிந்துவிட்டது. பார்த்தவருக்கு அறியும் ஆவல் இருந்ததே காரணம்.

அப்படியானால் பரீட்சைகளையே ஒழித்துவிடலாமா? கூடாது. பரீட்சை போனால் அதன் இடத்தில் பழைய சிபார்சுதான் வந்து உட்காரும். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அது இன்னும் உயரமான சுவர். சுதந்திர இந்தியா அந்தக் கதவைச் சிறிது அகலப்படுத்தியும் இருக்கிறது. 1979 முதல் ஸிவில் சர்வீஸ் பிரதானத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். மெக்காலே திட்டத்தில் இடம் பெறாத மொழிக்கு இது சிறிய வெற்றியன்று. எனினும், பல லட்சம் பேர் விண்ணப்பித்து ஆயிரம் பேர் அளவில் தேறுகிற பரீட்சை வாசற்காப்போன் பரீட்சையாகத்தான் இருக்க முடியும். வெளியே நின்றுவிட்டவர்களெல்லாம் தகுதியற்றவர்கள் என்று அது சொல்லவில்லை. உள்ளே இடமில்லை என்று மட்டுமே சொல்கிறது.

பெற்றோர்கள் இந்த வித்தியாசத்தை மறந்துவிடுவதால்தான், மார்க்குப் பட்டியல் வரும் நாளில் சில வீடுகளில் துக்கம் கொண்டாடப்படுகிறது. வாசலில் நிற்பவனுக்குக் குழந்தையை ஒரு பக்கம் பார்க்கத்தான் நேரமுண்டு. வீட்டில் இருப்பவர்களுக்கோ பதினைந்து, பதினாறு வருஷம் அவகாசம் இருந்திருக்கிறது. இந்தப் பையன் எதில் மனம் வைக்கிறான், பொய் சொல்ல நேர்ந்தால் நாக்குத் தடுமாறுகிறானா, இந்தப் பெண் தோல்வி வந்தால் மறுபடி எழுந்து நிற்கிறாளா என்பதையெல்லாம் நாற்புறமும் சுற்றிப் பார்க்க அவர்களால் முடியும். அந்தப் பரீட்சையைப் பெற்றவர்கள் செய்யாமல், மூன்று மணி நேரம் பார்த்த அந்நியன் போட்ட எண்ணையே குழந்தையின் விலையாகக் கொண்டால், தவறிப்போனவர் குழந்தையா, பெற்றவர்களா என்பதைத் தீர்க்க உருத்திரசன்மன்தான் மறுபடி வரவேண்டும்.