முடியுரு நாடியின் இசிவு

உடலெங்கும் இரத்தத்தைச் செலுத்தும் இருதயம், தன் அறைகளில் நிறைந்துள்ள இரத்தத்தைக் கொண்டே தன் தசையைப் பேணிக்கொள்வதில்லை. அதற்கெனத் தனியே இரு நாடிகள் உள. பெருநாடியின் அடியிலே கிளைத்து இருதயத்தை முடிபோலச் சூழ்ந்து செல்வதால், இவற்றை முடியுரு நாடிகள் என்பர். சில மில்லிமீற்றர் அகலமேயுடைய இந்நாடிகளுள் ஒன்று அடைபட்டாலும் மாரடைப்பு உண்டாகலாம்.

நீர் செல்லும் இரும்புக்குழாயின் சுவர் அசைவதில்லை. நாடியின் சுவரிலோ தசை உண்டு. அத்தசை திடீரென இறுகி வழியைக் குறுக்குவதே இசிவு எனப்படும். கொழுப்புப் படிவதால் உண்டாகும் ஒடுக்கம் ஆண்டுக்கணக்காக வளர்ந்து நிலைத்துநிற்பது. இசிவோ திடீரெனத் தோன்றிச் சில நிமிடங்களில் மறையக்கூடியது. ஆயினும், எக்ஸ் கதிர்ப் படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றலாம். சிக்கல் இங்கேதான் பிறக்கின்றது.

1929ஆம் ஆண்டில் யேர்மனிய வைத்தியர் வேர்ணர் போர்ஸ்மன், கதீற்றர் என்னும் மெல்லிய குழாயொன்றைத் தம் கைநாளத்தின் வழியே தம் இருதயம்வரை செலுத்திப் படமும் எடுத்துக்கொண்டார். அதன் பயனை உலகம் உணரக் காலஞ் சென்றது. 1956இல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. 1958இல் அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் நகரில் மேசன் சோன்ஸ் என்னும் வைத்தியர் ஒருவரைப் பரிசோதிக்கையில், குழாயின் நுனி தற்செயலாக வலது முடியுரு நாடியினுட் புகுந்துவிட்டது. படத்தில் நிழல் விழச்செய்யும் திரவம் நேரே அந்நாடியிற் பாய்ந்தது. சில விநாடிகள் இருதயம் நின்றது. இருமுமாறு வைத்தியர் பணிக்க, நோயாளர் இருமினார். இருதயம் மீண்டும் துடித்தது. அவ்விபத்திலிருந்தே முடியுரு நாடிகளைத் தனித்தனியே படமெடுக்கும் முறை வளர்ந்தது.

இக்காலத்தில் மணிக்கட்டு அல்லது தொடையிலுள்ள நாடியின் வழியே குழாய் செலுத்தப்படுகின்றது. அதன் நுனி முடியுரு நாடியின் உட்சுவரிலே உராயும்போது, சிற்சிலரிடத்தில் அச்சுவர் சினந்து சுருங்கிவிடும். சிறப்பாக வலது நாடியின் தொடக்கத்தில் இது நிகழ்வதுண்டு. நோயாளருக்கு நோவே தோன்றாதிருக்கவுங் கூடும். படத்தைப் பார்ப்பவருக்கோ கடுமையான ஒடுக்கம் தென்படும். அதனை நோயென்றே கொண்டால், நலமான நாடியொன்றுக்குச் சத்திரசிகிச்சை செய்யவோ, உலோக வலைக்குழாய் பொருத்தவோ நேரிடும்.

ஆகவே, ஐயம் எழுந்தவிடத்து வைத்தியர் குழாயின் நுனியைச் சற்றே பின்னிழுப்பர். நைத்திரோகிளிசரின் என்னும் மருந்தை நாடியினுட் செலுத்திச் சிறிது பொறுத்து மீண்டும் படமெடுப்பர். ஒடுக்கம் மறைந்துவிடின் அது இசிவு. மாறாது நிற்பின் பெரும்பாலும் நிலையான ஒடுக்கம். பாறை பிளக்கும் டைனமைற்றிலே உள்ள பொருளும் இந்த நைத்திரோகிளிசரினே. மார்பு நோவுக்கு இது உதவுவதை 1879இல் வில்லியம் மறல் என்னும் ஆங்கில வைத்தியர் எடுத்துக்காட்டினார். நாடித்தசையைத் தளர்த்துவதே இதன் தொழில். இசிவு கடுமையாகி நீடித்தால் இருதயத்துடிப்பே சீர்கெடக்கூடுமாதலின், மருந்தைத் தாமதியாது கொடுத்தல் வேண்டும்.

குழாய் தீண்டாமலே இசிவு காண்போரும் உளர். இத்தகைய மார்பு நோவை 1959இல் மைரன் பிரின்ஸ்மெற்றல் என்னும் அமெரிக்க வைத்தியரும் அவர் குழுவினரும் விரித்துரைத்தனர். உழைப்பின்போதன்றி ஓய்வின்போது, பெரும்பாலும் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில், இந்நோவு வரும். புகைபிடித்தல் இதனைத் தூண்டும். நோவில்லாத வேளையில் எடுத்த படத்தில் நாடி குறையற்றதாகவே தோன்றலாம். அதனால், தேர்ந்த வைத்தியர்கள் தக்க பாதுகாப்புடன், மருந்தொன்றைச் செலுத்தி இசிவை வேண்டுமென்றே வரவழைத்து உண்மையைத் தெளிவதும் உண்டு.

எனவே, படம் காட்டுவது அக்கணத்து நிலையை மட்டுமே. இல்லாத நோயை இருப்பதாகவும், உள்ள நோயை இல்லாததாகவும் அது காட்டக்கூடும். நோவு எவ்வேளையில் வந்தது, எவ்வளவு நேரம் நின்றது, ஓய்விலா உழைப்பிலா தோன்றியது என்பவற்றை நோயாளர் மறையாது வைத்தியரிடம் கூறுதல் வேண்டும். விடியுமுன் வந்து விடிந்தபின் மறைந்துபோன மார்பு நோவையும் அற்பமென்று எண்ணிவிடலாகாது.