பயன்படுத்திய முழு அளவு எஸ்யூவிகளின் நம்பகத்தன்மை

பயன்படுத்திய முழு அளவு எஸ்யூவிகளின் நம்பகத்தன்மை என்பது, ஏற்கெனவே ஒருவரிடம் ஓடிய பெரிய வகை எஸ்யூவி ஒன்று இனியும் எவ்வளவு காலம் பெரும் பழுதின்றி ஓடும் என்பதைக் குறிக்கும். இவ்வகை வாகனங்கள் மிகுதியாக விற்பனையாகும் ஐக்கிய அமெரிக்காவில் இதனை மதிப்பிடுதல் வாங்குவோருக்கு இன்றியமையாததாக உள்ளது. இம்மதிப்பீடு மூன்று கூறுகளைக் கொண்டது: அந்த மாதிரியில் அறியப்பட்டுள்ள குறைபாடுகள், குறிப்பிட்ட வாகனத்தின் பராமரிப்பு வரலாறு, பழுது நேர்ந்தால் ஆகக்கூடிய செலவு.

முழு அளவு எஸ்யூவி

தனி அடிச்சட்டத்தின் மேல் உடற்பகுதி பொருத்தப்பட்டு, பிக்கப் வகைச் சிறு சரக்குந்துகளின் பாகங்களைப் பெருமளவு பகிர்ந்துகொள்ளும் பெரிய பயணிகள் வாகனமே முழு அளவு எஸ்யூவி ஆகும். பெரும்பாலும் ஏழு அல்லது எட்டுப் பேர் அமரலாம். படகு, இழுவண்டி போன்றவற்றை இழுக்கும் ஆற்றலும் உண்டு. 1935 மாதிரி ஆண்டில் அறிமுகமான செவ்ரோலெட் சபர்பன் இவ்வகையின் முன்னோடி ஆகும். செவ்ரோலெட் டாஹோ, ஜிஎம்சி யூக்கான், காடிலாக் எஸ்கலேட், போர்டு எக்ஸ்பெடிஷன், டொயோட்டா செகோயா, நிசான் அர்மாடா ஆகியன பிற எடுத்துக்காட்டுகள்.

விலையும் பழுதுச் செலவும்

வாகனத்தின் சந்தை விலை ஆண்டுதோறும் குறைகிறது. ஆனால் அதன் பாகங்களின் விலையும் பழுதுபார்ப்போரின் கூலியும் அவ்வாறு குறைவதில்லை. பத்து ஆண்டுகள் ஓடிய எஸ்யூவி ஒன்றைச் சிறிய புதுத் தானுந்தின் விலைக்கும் குறைவாக வாங்க முடியும். எனினும் அதன் எஞ்சினையோ கியர்ப்பெட்டியையோ மாற்ற நேர்ந்தால், பெரிய வாகனத்திற்குரிய செலவையே செய்ய வேண்டும். சில வேளைகளில் அச்செலவு வாகனத்தின் விலையையே நெருங்கிவிடுகிறது. ஆகவே ஒரு பழுது நேரும் வாய்ப்பை மட்டுமன்றி, நேர்ந்தால் அதனைத் தாங்கப் பணம் உண்டா என்பதையும் கருதுதல் வேண்டும்.

அறியப்பட்ட குறைபாடுகள்

ஜெனரல் மோட்டார்சு

2007 மாதிரி ஆண்டு முதல் டாஹோ, சபர்பன் வகைகளின் 5.3 லிட்டர் எட்டு உருளை எஞ்சினில், சுமை குறைவான வேளையில் நான்கு உருளைகளை நிறுத்தி எரிபொருளைச் சேமிக்கும் அமைப்பு இடம்பெற்றது. வால்வுகளை இயக்கும் லிஃப்டர்கள் எண்ணெய் அழுத்தத்தினால் இணைந்தும் பிரிந்தும் இதனைச் செய்கின்றன. இந்த லிஃப்டர்கள் சிக்கிக்கொள்ளும்போது டிக் டிக் என்ற ஒலி எழும். அவ்வுருளையில் எரிதல் தவறும். கவனிக்காமல் ஓட்டினால் கேம் தண்டும் தேய்ந்துவிடும். எண்ணெய் குறைதலும் இவ்வெஞ்சின்களில் அறியப்பட்ட சிக்கல் ஆகும்.

2025 ஏப்ரலில் இந்நிறுவனம் 6.2 லிட்டர் எஞ்சின் கொண்ட 2021 முதல் 2024 வரையிலான மாதிரிகளில் ஏறத்தாழ 6 இலட்சம் வாகனங்களை ஐக்கிய அமெரிக்காவில் திரும்ப அழைத்தது. எஸ்கலேட், டாஹோ, சபர்பன், யூக்கான் ஆகியனவும் சில பிக்கப் வகைகளும் இதில் அடங்கும். கிராங்க் தண்டு, இணைப்புத் தண்டு ஆகியவற்றின் உற்பத்திக் குறைபாட்டால் எஞ்சின் ஓட்டத்திலேயே நின்றுபோகக்கூடும் என்பது காரணம். சோதனையில் தவறிய வாகனங்களின் எஞ்சினைப் பழுதுபார்க்கவோ மாற்றவோ, தேறியவற்றில் கூடுதல் பாகுநிலை கொண்ட எண்ணெயை நிரப்பவோ ஏற்பாடு செய்யப்பட்டது. எனவே இவ்வகை வாகனத்தை வாங்குவோர், இவற்றுள் எது செய்யப்பட்டது என்பதைக் கேட்டறிதல் நலம்.

போர்டு

2005 முதல் 2014 வரையிலான எக்ஸ்பெடிஷனில் உருளைக்கு மூன்று வால்வுகள் கொண்ட 5.4 லிட்டர் எஞ்சின் இருந்தது. தொடக்க ஆண்டு எஞ்சின்களின் ஸ்பார்க் பிளக்குகள், கழற்றும்போது உடைந்து உள்ளேயே தங்கிவிடுவதால் பெயர்பெற்றவை. கேம் தண்டின் நேரத்தை மாற்றும் ஃபேசர் என்னும் பாகமும் தேய்வதுண்டு. இத்தேய்வின் ஒலி, எஞ்சின் சூடேறி நின்ற நிலையில் சுழலும்போது கேட்கும். மாறாக, 2018 மாதிரி ஆண்டில் வந்த 3.5 லிட்டர் டர்போ எஞ்சினில் ஃபேசர் ஒலி குளிர்ந்த நிலையில் இயக்கும்போது எழுகிறது. இதனால் எஞ்சினை இரு நிலைகளிலும் கேட்டுப் பார்த்தல் தேவையாகிறது.

டொயோட்டா

செகோயாவின் எஞ்சின்கள் நெடுங்காலம் உழைப்பவை என்ற பெயர் பெற்றவை. ஆயினும் 2005 முதல் 2008 வரையிலான செகோயாக்களின் அடிச்சட்டம் துருப்பிடித்து ஓட்டையாவது தொடர்பாக வழக்குத் தொடரப்பட்டது. 2016 இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, துரு குறிப்பிட்ட அளவை எட்டிய வாகனங்களுக்குப் புதிய அடிச்சட்டம் இலவசமாகப் பொருத்தப்பட்டது. அக்காலவரையறை இப்போது முடிந்துவிட்டது. அவ்வாறு சட்டம் மாற்றப்பட்ட செகோயா, மாற்றப்படாத ஒன்றைக் காட்டிலும் ஏற்றதாக இருக்கலாம். பழைய 4.7 லிட்டர் எஞ்சினில் டைமிங் பெல்ட்டை ஏறத்தாழ 1,45,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

துருவும் தட்பவெப்பமும்

பனிப்பொழிவு மிகுந்த வட மாநிலங்களில் சாலைகளில் உப்புத் தூவப்படுவதால், வாகனங்களின் அடிப்பகுதி விரைவில் துருப்பிடிக்கிறது. 1999 முதல் 2003 வரையிலான ஜெனரல் மோட்டார்சு பிக்கப்புகள், எஸ்யூவிகள் ஆகியவற்றின் பிரேக் குழாய்கள் இவ்வாறு அரிக்கப்பட்டதைத் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் ஆய்ந்தது. இது வயதினால் வரும் தேய்வு என்று கருதி, திரும்ப அழைக்க ஆணையிடாமலே 2015 இல் அவ்வாய்வை முடித்தது. திரும்ப அழைப்பு இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று கொள்ள இயலாது என்பதற்கு இது சான்றாகும்.

தரவரிசைகளின் பயனும் எல்லையும்

ஜே.டி. பவர் நிறுவனத்தின் ஆய்வு மூன்று ஆண்டு பழமையான வாகனங்களில் நூற்றுக்கு எத்தனை சிக்கல்கள் என்று கணக்கிடுகிறது. இதில் தொடுதிரைக் கோளாறும் கியர்ப்பெட்டிக் கோளாறும் தனித்தனியே ஒவ்வொரு சிக்கலாகவே எண்ணப்படும். ஆகவே பத்தாண்டுப் பழைய வாகனத்திற்கு இவ்வெண் நேரடியாகப் பொருந்தாது. கன்சூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் தன் உறுப்பினர்களிடம் பல மாதிரி ஆண்டுகளைப் பற்றியும் கருத்துக் கேட்கிறது. எவ்வாறாயினும் இவை சராசரிகளே. நல்ல பெயர் பெற்ற மாதிரியிலும் எண்ணெய் மாற்றாமல் ஓட்டிய வாகனம் உண்டு.

வாங்குமுன் செய்யும் சோதனைகள்

* எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே சென்று, முதல் இயக்கத்தின் ஒலியைக் கேட்டல். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் காரணம் கேட்டல்.
* எண்ணெய் மாற்றிய தேதிகளைக் காட்டும் பற்றுச்சீட்டுகளைப் பார்த்தல்.
* வாகனத்தை உயர்த்தி அடிச்சட்டம், பிரேக் குழாய்கள் ஆகியவற்றைச் சோதித்தல். புதிதாகப் பூசிய கருஞ்சாயம் துருவை மறைக்கலாம்.
* தன்சோதனைக் கருவியை இணைத்துப் பார்த்தல். 1996 மாதிரி ஆண்டு முதல் எல்லாத் தானுந்துகளிலும் இதற்கான இணைப்பு உண்டு. பழுதுக் குறியீடுகள் அண்மையில் அழிக்கப்பட்டிருந்தால் உட்சோதனைகள் முடிவுறாத நிலையில் காட்டும்.
* விற்பவரைச் சாராத பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் காட்டல்.

சட்டப் பாதுகாப்பு

வாகனத்தின் 17 எழுத்து அடையாள எண்ணைக் கொண்டு, நிலுவையிலுள்ள திரும்ப அழைப்புகளை மேற்கூறிய பாதுகாப்பு நிர்வாகத்தின் தளத்தில் கட்டணமின்றி அறியலாம். அத்திருத்தங்களும் பொதுவாக இலவசமே. ஆனால் திருத்தம் நிலுவையில் உள்ள பழைய வாகனத்தை வணிகர் விற்பதை நடுவண் சட்டம் தடுப்பதில்லை. 1985 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, வணிகர்கள் தாம் விற்கும் பழைய வாகனத்தில் உத்தரவாதம் உண்டா, 'உள்ளது உள்ளபடி' விற்கப்படுகிறதா என்பதை எழுதி ஒட்ட வேண்டும். தனியாரிடம் வாங்கும்போது இவ்விதி பொருந்தாது.

முடிவெடுத்தல்

அறியப்பட்ட குறைபாடு உள்ள மாதிரி என்பதாலேயே ஒரு வாகனத்தை ஒதுக்கத் தேவையில்லை. அக்குறை சரிசெய்யப்பட்டதற்கான ஆவணம் இருப்பின், ஆவணமேதும் இல்லாத நற்பெயர் வாகனத்தைவிட அது பாதுகாப்பானதாக அமையலாம். ஆவணம் இல்லாவிடில், அப்பழுதைச் சரிசெய்ய ஆகும் செலவை விலையுடன் கூட்டிப் பார்த்து, அத்தொகையையும் தாங்க முடியுமெனில் மட்டுமே வாங்குதல் பொருத்தமாகும்.